அப்பா எங்கே என்று கேட்டாய்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா இப்போது ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறார்கள். சாப்பாடும் பரவாயில்லை.

நேற்று போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்தார்கள். போனில் பேசித் தீர்க்கிற விஷயமும் இல்லை அது. அப்பா விழுந்த வேகத்தில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமியாரைக் கூட்டிவரப் போன பையன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. கோவிலில் அந்த மனஸ்தாபம் வந்தபிறகு அப்பா பூசைக்குப் போவதையே விட்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஆயத்தமில்லாமல் போன ஆத்துமா என்று உன் காதுபடச் சொல்லியிருக்கிறார். அதை மனதில் போட்டுக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும்போது என் அலமாரியிலிருந்து கவிஞர் தாந்தேயின் டிவைன் காமெடியை எடுத்துப் போய், அதில் நரகத்தை வாசித்திருக்கிறாய். அதோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அப்பா எங்கே அக்கா என்று என்னைக் கேட்கிறாய்.

அதைச் சொல்கிற அதிகாரம் எனக்கில்லை. துக்க வீட்டில் பேசினவருக்கும் இல்லை. ஆனால் எந்தப் புத்தகத்தைப் படித்து நீ பயந்தாயோ, அதே புத்தகத்தில் உன் கேள்விக்கு நேராக ஓர் இடம் இருக்கிறது. நீ நிறுத்தின பக்கத்துக்கு அப்புறம் வருகிறது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டிவைன் காமெடி மூன்று பாகம். நரகம் 34 சருக்கம், உத்தரிக்கிற ஸ்தலம் 33, மோட்சம் 33, ஆக 100. நிறையப் பேர் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள். பயங்கரம் மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான். நரகத்தை மட்டும் வாசித்துவிட்டு வைப்பது, பெரிய வெள்ளியோடு சுவிசேஷத்தை மூடிவிடுவது மாதிரி. கதையின் நாட்களே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. 1300-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று சாயங்காலம் தாந்தே நரகத்துக்குள் இறங்குகிறார். உயிர்ப்பு ஞாயிறு விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பூமியின் மறுபக்கத்தில் ஏறி வெளியே வருகிறார்.

வந்ததும் முதல் வேலை முகம் கழுவுவது. வழிகாட்டியாகக் கூட வருகிறவர் வர்ஜில், தாந்தேக்கு 1,300 வருஷத்துக்கு முந்தின ரோமானியக் கவிஞர், ஞானஸ்நானம் பெறாதவர். கடற்கரையை ஒட்டின புல்வெளியில் வெயில் இன்னும் படாத, பனி காயாத இடமாகப் பார்த்து அவர் இரண்டு கையையும் விரித்து வைக்கிறார். எதற்கு என்று தாந்தேக்குப் புரிந்துவிடுகிறது. அழுத தடம் காயாத கன்னத்தைத் தானே நீட்டுகிறார். நரகத்தின் கரி அந்தப் பனி ஈரத்தில் போய், முகத்துக்குப் பழைய நிறம் வருகிறது. பிறகு வர்ஜில் கரையோரச் சேற்றில் ஒரு கோரையைப் பிடுங்கித் தாந்தேயின் இடுப்பில் கட்டிவிடுகிறார். பிடுங்கின இடத்திலேயே அதே போல இன்னொன்று முளைத்து நிற்கிறது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மூச்சு சீராகிவிடும். நரகத்தில் எதை எடுத்தாலும் போனது போனதுதான். இங்கே எடுத்தது திரும்ப வளர்கிறது.

ஞானோபதேச வகுப்பில் நமக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நரகத்துக்குப் பக்கத்து அறை, அதே நெருப்பு, ஒருநாள் விடுதலை உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். தாந்தேக்கு முந்தின காலத்து ஐரோப்பாவிலும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்க்குஸ் என்ற அயர்லாந்துத் துறவி, ரேகன்ஸ்புர்க் நகரத்தில் இருந்துகொண்டு, துனுக்தால் என்ற வீரனின் ஆத்துமா மறுவுலகம் போய்வந்த கதையை லத்தீனில் எழுதினார். சித்திரவதை அதில் பக்கம் பக்கமாக வரும். ஐரோப்பாவின் பல மொழிகளில் அதைப் பெயர்த்து வாசித்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்துக்கென்று தனியாக ஒரு பெயரும் இடமும் நிலைத்ததே அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் என்பது ஜாக் லெ கோஃப் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியரின் வாதம். சங்கமாகக் கூடி அந்தப் போதனையை வரையறுத்தது 1274-இல், லியோனில். அப்போது தாந்தேக்கு ஒன்பது வயது இருக்கும். ஆக, நமக்கு ஆதிகாலத்துச் சங்கதி மாதிரி தெரிகிற இது, அவர் காலத்தில் புதுச் சுண்ணாம்பு உலராத சுவர். அதில் என்ன வரைவது என்று அவர் தீர்மானிக்க முடிந்தது.

அவர் அதைப் பூமிக்கடியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். எருசலேமுக்கு நேர் மறுபக்கம், நடுக்கடலில், ஒரு மலை. லூசிபர் வானத்திலிருந்து விழுந்தபோது பின்வாங்கின மண்தான் அப்படி உயர்ந்து நிற்கிறதாம். அங்கே சூரியன் உதிக்கிறது, மறைகிறது, நட்சத்திரம் தெரிகிறது. மூன்று உலகத்தில் பொழுது என்று ஒன்று இருப்பது இங்கே மட்டும்தான். நரகத்தில் விடிவே இல்லை, மோட்சத்தில் அது தேவையில்லை. இந்த மலையில் இருக்கிற ஆத்துமாக்களுக்கு நேற்று உண்டு, நாளை உண்டு. இருட்டிவிட்டால் ஓரடி கூட மேலே ஏற முடியாது. உட்கார்ந்து விடியும்வரை காத்திருக்க வேண்டும். நம்மைப் போலவே இருக்கிறார்கள், தம்பி. எனக்கு இந்த நடுப்பாகம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உத்தரிக்கிற ஸ்தலத்தின் மூன்றாம் சருக்கத்தில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே, அடிவாரத்தில் ஒரு கூட்டம் மெதுவாக நகர்ந்து வருகிறது. திருச்சபை புறம்பாக்கி வைத்த நிலையிலேயே செத்தவர்கள். அவர்களில் ஒருவன் பொன்னிற முடியும் ராஜகளையுமாக இருக்கிறான். ஒரு புருவம் மட்டும் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிளந்திருக்கிறது. என்னை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறான். தாந்தே பணிவாக இல்லை என்கிறார். உடனே மார்பின் மேல் இருக்கிற இன்னொரு காயத்தையும் காட்டி, சிரித்த முகத்தோடு பெயரைச் சொல்கிறான். அவன் மான்ஃபிரெட், சிசிலியின் அரசன், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகன்.

அந்தப் பெயரைக் கேட்டு அந்தக் காலத்து வாசகர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட போப்பாண்டவர்கள் சபித்த ஆள் அவன். போப்பின் ஆதரவோடு வந்த ஆஞ்சூ சார்லஸின் படையோடு பெனவெந்தோவில் மோதி, 1266 பிப்ரவரியில் மாண்டான். தாந்தே அப்போது கைக்குழந்தை. புறம்பாக்கப்பட்டவனுக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. அதனால் பாலத்தடியில் புதைத்து மேலே கல்லைக் குவித்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. போப் நான்காம் கிளமெண்ட் ஏவி, கொசென்சாவின் ஆயர் எலும்பைத் தோண்டியெடுத்து, அணைத்த மெழுகுதிரிகளோடு கொண்டுபோய், அவன் ஆண்ட நாட்டின் எல்லைக்கு வெளியே வெர்தே ஆற்றங்கரையில் எறிந்துவிட்டார் என்று மான்ஃபிரெட்டே சொல்கிறான். அதைச் சொல்லும்போது கூட அவன் குரலில் வெறுப்பு இல்லை. அந்த ஆயர், கடவுளின் இன்னொரு முகத்தை வாசிக்கத் தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்கிறான், அவ்வளவுதான். தன் பாவங்கள் பயங்கரமானவை என்பதையும் அவனே ஒத்துக்கொள்கிறான். உயிர் போகிற நேரத்தில் அழுதான், ஆண்டவர் பக்கம் திரும்பினான், அவர் எடுத்துக்கொண்டார்.

இதில் ஒன்றைக் கவனி. திருச்சபை சொன்னது செல்லாது என்று தாந்தே எழுதவில்லை. மான்ஃபிரெட்டின் கூட்டம், சபைக்கு எதிராக நின்ற காலத்தைப் போல முப்பது மடங்கு காலம் மலைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். சாபத்துக்குப் பலன் இருந்திருக்கிறது. ஆனால் கடைசிக் கதவு அந்தச் சாபத்தின் கையில் இல்லை. சாகிற மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் நடப்பதைப் போப்பாண்டவரும் பார்க்க முடியாது, தோண்டின ஆயரும் பார்க்க முடியாது.

நம் அப்பாவை யாரும் புறம்பாக்கவே இல்லை. மனம் நொந்து தாங்களாக ஒதுங்கி நின்றார்கள். பூசைக்குப் போகாத அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, கோவில் மணி அடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நீ வெளியூரில் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஐந்தாம் சருக்கம். உனக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கொலையிலோ சண்டையிலோ திடீரென்று செத்தவர்கள், கடைசி மணிநேரம் வரை பாவிகளாக இருந்தவர்கள். துக்க வீட்டு ஆள் சொன்ன அதே ஆயத்தமில்லாத ஆத்துமாக்கள். அதில் ஒருவன் மோந்தெஃபெல்த்ரோ குடும்பத்துப் புவோன்கொந்தே. 1289 ஜூன் 11 அன்று கம்பால்தினோ சமவெளியில் ஃப்ளாரன்ஸுக்கும் அரெத்சோவுக்கும் நடந்த சண்டையில் அரெத்சோ படைத்தலைவர்களில் ஒருவன். தாந்தே அதே களத்தில் ஃப்ளாரன்ஸ் குதிரைப்படையில் இருந்தார், வயது இருபத்துநான்கு. ஆக இவன் எதிரி. அன்றைக்கு அவன் செத்தான் என்று தெரிந்ததே தவிர, உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. உன்னை எங்கே புதைத்தார்கள் என்றே யாருக்கும் தெரியாமல் போனதே, எப்படி என்று தாந்தே அவனிடமே கேட்கிறார்.

அவன் சொல்கிறான். தொண்டையில் குத்துப்பட்டு, குதிரையும் இல்லாமல், தரையெல்லாம் ரத்தம் சொட்ட ஓடியிருக்கிறான். ஆர்கியானோ என்ற சிற்றாறு ஆர்னோவில் போய்ச் சேருகிற இடம்வரை வந்ததும் கண் இருண்டது, பேச்சு நின்றது. கடைசியாக வாயில் வந்தது மாதாவின் பெயர். அதோடு விழுந்துவிட்டான். கூட ஒருவரும் இல்லை. சாமியார் இல்லை, சிலுவை பிடித்துக் காட்ட ஆளில்லை. ஒரு சம்மனசு வந்து ஆத்துமாவை எடுத்துக்கொள்கிறது. பிசாசு அதைப் பார்த்துக் கத்துகிறது. ஒரு சொட்டுக் கண்ணீருக்காக இவனை என்னிடமிருந்து பறிக்கிறாயே என்பது அதன் முறையீடு. ஆத்துமா போன ஆத்திரத்தில் அது உடலின்மேல் பாய்கிறது. மேகத்தைத் திரட்டி, மலையிலிருந்து மலைவரை பள்ளத்தாக்கை மூடி, மழையைக் கொட்டவைக்கிறது. ஓடைகள் பெருகி, ஆர்கியானோவில் வெள்ளம் வந்து, விறைத்த உடலை ஆர்னோவுக்குள் தள்ளுகிறது. விழும்போது அவன் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாக மடித்திருந்தான். ஆறு அந்தச் சிலுவையையும் பிரித்துவிட்டு, உடலைக் கரையிலும் அடியிலும் உருட்டி, மண்ணைப் போட்டு மூடிவிடுகிறது.

பிசாசுக்குக் கிடைத்தது அந்த உடம்பு மட்டும்தான். வேண்டுமளவு உருட்டட்டும் என்று விட்டுவிடுகிறார் தாந்தே. எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகும். தன்னை எதிர்த்து வாளெடுத்த ஒருவனுக்கு, யாரும் பார்க்காத சாவுக்கு, உலகம் அறியாத கல்லறைக்கு, இவ்வளவு பரிவோடு ஒரு முடிவைக் கொடுத்திருக்கிறார். அவரே அப்போது ஊரில்லாதவர். 1302-இல் ஃப்ளாரன்ஸ் அவரை நாடு கடத்தி, திரும்பி வந்து பிடிபட்டால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பு எழுதியிருந்தது. திரும்பாமலே 1321-இல் ரவென்னாவில் செத்தார். வெளியே தள்ளப்பட்டவர்களைப் பற்றி அவர் எழுதினால் அது வெறும் கற்பனையாக இருக்காது.

புவோன்கொந்தேயின் அப்பா குய்தோவை நீ ஏற்கெனவே சந்தித்திருப்பாய். நரகத்தின் 27-ஆம் சருக்கத்தில் தீச்சுடருக்குள் நின்று பேசுகிறவர் அவர்தான். மகனுக்கு இல்லாத ஆயத்தம் எல்லாம் அப்பாவுக்கு இருந்தது. பெரிய தளபதி, வயதான காலத்தில் போரை விட்டு பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து இடுப்பில் கயிறு கட்டினவர். ஆனால் போப் எட்டாம் போனிஃபாஸ் தன் எதிரிகளின் கோட்டையைப் பிடிக்க அவரிடம் யோசனை கேட்கிறார். பாவம் என்று தயங்கினவருக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தைரியத்தில் குய்தோ, நிறைய வாக்குக் கொடு, கொஞ்சமாக நிறைவேற்று என்று வஞ்சக வழியைச் சொல்லித் தருகிறார். அவர் செத்ததும் புனித பிரான்சிஸே கூட்டிப்போக வருகிறார். ஆனால் ஒரு கரும் பிசாசு குறுக்கே நின்று வாதாடி ஜெயிக்கிறது: மனஸ்தாபப்படாதவனுக்கு மன்னிப்பு இல்லை, செய்ய விரும்பிக்கொண்டே அதற்காக மனஸ்தாபப்படவும் முடியாது. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை.

அப்பாவுக்குத் துறவுடுப்பு, கயிறு, போப்பாண்டவர் கையாலேயே பாவமன்னிப்பு, எல்லாம் இருந்தும் நரகம். மகனுக்கு ஆற்றங்கரையில் ஒரு சொட்டுக் கண்ணீர், மோட்சத்துக்கு வழி. இரண்டையும் தாந்தே சும்மா எழுதவில்லை. வாசிக்கிறவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்.

நம் அப்பா விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உதடு அசைந்தது. என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. உன் மனதைத் தேற்றுவதற்காக அதை வைத்து ஒரு கதை கட்ட மாட்டேன். ஆனால் எனக்குக் கேட்காததால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. ஐந்தாம் சருக்கத்தை வாசித்த பிறகு நான் உறுதியாகச் சொல்வேன் என்றால் அதை மட்டும்தான்.

பூசைக்குப் பணம் கொடுப்பது, ஜெபமாலை சொல்வது, இதனால் எல்லாம் அப்பாவுக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்றும் கேட்டாய். உத்தரிக்கிற ஸ்தலத்தின் 23-ஆம் சருக்கத்துக்குப் போ. மலையின் ஆறாவது தளத்தில், போஜனப்பிரியர்கள் பசியால் உலர்ந்து எலும்பும் தோலுமாக நடக்கிற இடத்தில், ஒருவன் தாந்தேயைப் பார்த்துக் கூவுகிறான். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. கண் இருந்த இடம் கல் விழுந்த மோதிரம் போலக் குழிந்திருக்கிறது. குரலைக் கேட்டதும்தான் தெரிகிறது, இது பழைய சிநேகிதன் ஃபொரேஸே தொனாத்தி. நாலு வருஷத்துக்கு முன்னால், 1296-இல் செத்தவன்.

தாந்தேக்கு ஆச்சரியம். கடைசி நிமிஷம்வரை மனம் திரும்பாமல் இருந்தவன் இவன். முறைப்படி மலையடிவாரத்தில், வீணாக்கின வருஷங்களுக்கு ஈடாக இன்னும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உயரம் எப்படி வந்தாய் என்று கேட்கிறார். ஃபொரேஸே சொல்கிற பதில் ஒரே ஒரு பெயர்: நெல்லா. அவன் மனைவி. அவள் அழுத அழுகையும் சொன்ன ஜெபமும் அவனை அடிவாரத்திலிருந்து தூக்கி, நடுவில் இருந்த தளங்களையும் தாண்டவைத்துவிட்டன.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. இளவயதில் இந்த இரண்டு சிநேகிதர்களும் ஒருவரையொருவர் ஏசி மாற்றி மாற்றிக் கவிதை எழுதிக்கொண்டார்கள், ஆளுக்கு மூன்று. தாந்தே தன் முதல் கவிதையிலேயே ஃபொரேஸேயின் மனைவியை இழுத்து, புருஷன் கவனிக்காததால் ஆகஸ்ட் மாத வெயிலிலும் குளிரில் இருமுகிறவள் என்று கேலி செய்திருந்தார். அந்த நெல்லாதான் இங்கே ஒரு மனிதனை மலைமேல் ஏற்றிவிட்டவளாக நிற்கிறாள். உயிரோடிருந்தபோது அவளை விளையாட்டுக்கு ஏசின கவிஞர், அவள் புருஷன் வாயாலேயே அவளைப் புகழவைக்கிறார். ஊருக்குள் யாருக்கும் தெரியாத ஒரு விதவையின் ஜெபத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கவிதையிலும் நான் பார்த்ததில்லை.

நெல்லா மட்டும் இல்லை. மான்ஃபிரெட் தன் மகள் கொன்ஸ்தான்சாவிடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறான், அவள் ஜெபித்தால் காத்திருப்பு குறையும். பொறாமைக்காரர்களின் தளத்தில் கண்ணிமைகளை இரும்புக் கம்பியால் தைத்து, குருட்டுப் பிச்சைக்காரர்களைப் போல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சியெனா நகரத்துச் சாப்பியா ஒருத்தி. தன் சொந்த ஊர்க்காரர்கள் போரில் தோற்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள். அவளுக்காக ஜெபித்தது யார் தெரியுமா? சீப்பு விற்றுப் பிழைத்த பியெர் என்ற எளிய மனிதர். அவள்மேல் இரக்கப்பட்டு ஜெபித்தார். இன்னும் ஒருவன், புவோன்கொந்தேயே, தனக்காக ஜெபிக்க மனைவி ஜொவான்னாவும் இல்லை, வேறு யாரும் இல்லை என்று தலை குனிந்து நடக்கிறான். இதை வாசித்தபோது எனக்கு மனது கனத்துவிட்டது. மறக்கப்பட்டவர்களுக்கு அங்கே பொழுது நீளமாக இருக்கும் போல.

அதனால் கொடு தம்பி. முப்பதாம் நாள் பூசைக்கு நீ பணம் அனுப்பு. அதைவிட, தினமும் ராத்திரி அப்பா பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் சொல். பிள்ளைகளையும் சொல்லவை. தாந்தே சொன்னதற்காக அல்ல, அவர் கவிஞர்தான், வேதம் எழுதவில்லை. அப்பாவுக்காக நாம் இன்னும் செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது என்பது உனக்கே நல்லது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த மலையில் ஒருவனை யார் விடுதலை செய்வது? 20-ஆம் சருக்கத்தின் கடைசியில் திடீரென்று மலையே அதிர்கிறது, எல்லாப் பக்கத்திலிருந்தும் உன்னதங்களிலே பாடுகிற சத்தம் கேட்கிறது. தாந்தே நடுங்கிப்போகிறார். பிறகு ஸ்டேஷியஸ் என்ற பழைய ரோமானியக் கவிஞரின் ஆத்துமா பின்னால் வந்து சேர்ந்து விளக்குகிறது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரே தளத்தில் கிடந்தவர் அவர். ஒரு ஆத்துமா தான் சுத்தமாகிவிட்டதாக உணர்கிற அந்த நொடியில் மலை அதிர்கிறதாம். காவலாளி வந்து பூட்டைத் திறப்பதில்லை, யாரும் ஏட்டைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பதில்லை. அந்த ஆத்துமாவுக்கே எழுந்து மேலே போக மனம் வருகிறது, அந்த மனம் வந்துவிட்டதுதான் விடுதலைக்கு அடையாளம். அதுவரை அதுவே விரும்பித்தான் தண்டனையில் கிடக்கிறது. ஒருவர் மலையேறப் போவதற்கு அத்தனை பேரும், இன்னும் பாரம் சுமந்துகொண்டிருக்கிறவர்களும், பொறாமையில்லாமல் பாடுகிறார்கள். நரகத்தில் நீ பார்த்த சனங்கள் ஒருவரையொருவர் கடிக்கிறவர்கள், காட்டிக்கொடுக்கிறவர்கள். அங்கேயும் வலி, இங்கேயும் வலி. இங்கே வலியில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் மனிதர்களாக இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் தாந்தே பக்கம் நிற்க என்னால் முடியாது. வர்ஜிலை அவர் மோட்சத்தில் விடவே இல்லை. மகனைப் போல முகம் கழுவிவிட்டுக் கூட்டிவந்த மனிதர், மலையுச்சியில் தாந்தே திரும்பிப் பார்க்கும்போது அங்கே இல்லை. ஞானஸ்நானம் பெறாத நல்லவர்களோடு, நரகத்தின் முதல் வட்டத்துக்கே திரும்பிவிட்டார். என்னால் இதை ஏற்க முடிந்ததே இல்லை. தாந்தேயாலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மோட்சத்தின் 19-ஆம் சருக்கத்தில் அவர் மனதில் இருந்த கேள்வியைக் கழுகு வடிவில் கூடின ஆத்துமாக்களே எடுத்துச் சொல்கின்றன: சிந்து நதிக்கரையில் பிறந்த ஒருவன், கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கே யாருமில்லை, சொல்லாலும் செயலாலும் குற்றமில்லாமல் வாழ்ந்து சாகிறான். அவனைத் தள்ளுவது என்ன நியாயம்? கழுகு நேர்ப் பதில் தரவில்லை. கடவுளின் நியாயத்தை அளக்க நீ யார் என்று அதட்டுகிறது. ஆனால் தீர்வை நாளில், கிறிஸ்துவே கிறிஸ்துவே என்று கூவுகிற பலர், அவரை அறியாதவனைவிடத் தூரத்தில் நிற்பார்கள் என்றும் சொல்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் உட்கார்ந்து நம் நாட்டு நதிக்கரைக்காரனை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறார் அந்த மனிதர். அடுத்த சருக்கத்திலேயே, கிறிஸ்துவுக்கு முந்தின ட்ராய் நகரத்து ரிஃபேயஸ் என்ற வீரனை மோட்சத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார். வர்ஜிலின் காவியத்தில் சில வரிகளில் வந்து செத்துப்போகிற ஆள். அவனுக்கு இடமுண்டு, அவனை எழுதின வர்ஜிலுக்கு இல்லை! இதை அவர் தெரியாமலா செய்தார்?

நரகத்தைத் திரும்ப எடுக்காதே இப்போதைக்கு. இரண்டாம் பாகத்தின் முதல் சருக்கம், மூன்று, ஐந்து, 23, இந்த வரிசையில் வாசி. வாசித்துவிட்டு எனக்கு எழுது. குய்தோ விஷயத்தில் உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும். பிசாசின் தர்க்கம் சரிதான் என்று எனக்குத் தெரிகிறது, ஆனாலும் கூட்டிப்போக வந்த பிரான்சிஸ் வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்மா உன்னைப் பிள்ளைகளோடு வரச் சொல்கிறார்கள். முப்பதாம் நாளுக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா